போனது யார்?

2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சில வாரங்கள் நியூஜெர்ஸியில் என் பெண்ணின் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த வீட்டில் சனிக்கிழமை இரவுக்கு ஒரு நியமம் உண்டு. பதினொன்றரை மணிக்கு மாப்பிள்ளை கூடத்து விளக்கை அணைத்துவிட்டு டெலிவிஷனுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். அப்புறம் யாரும் அவரிடம் பேசக் கூடாது. ஆற்றுக்கு அக்கரையில், நியூயார்க் நகரத்தில், அதே நிமிஷத்தில் நடந்துகொண்டிருக்கும் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சியை அவர் பார்ப்பார். அதன் பெயர் ‘சாட்டர்டே நைட் லைவ்’.

நான் போயிருந்த சமயம் அதன் 51-ஆவது பருவம் தொடங்கியது. நடிகர்களின் பெயர்களும் முகங்களும் ஒவ்வொன்றாக வந்து போயின. மாப்பிள்ளையின் முகம் வாடிவிட்டது.

“பார்த்தீர்களா மாமா? பழையவர்களில் ஐந்து பேர் போய்விட்டார்கள். புதிதாக ஐந்து பேர் வந்திருக்கிறார்கள். இனிமேல் இது உருப்படாது” என்றார்.

“போனவர்கள் முதன் முதலில் வந்தபோது என்ன சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். “இதையேதான் சொன்னேன்” என்று சிரித்துவிட்டார்.

அவர் சிரித்துவிட்டாரே தவிர, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரு நிகழ்ச்சி 50 வருஷம் நடக்கிறது. அதில் முதல் நாள் நடித்தவர்களில் ஒருவரும் இன்று அதன் நடிகர் கூட்டத்தில் இல்லை. சில வருஷங்களுக்கு ஒரு முறை கூட்டமே மாறிவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் “தீர்ந்தது” என்று ஜனங்கள் கையை உதறுகிறார்கள். ஆனாலும் நடந்துகொண்டிருக்கிறது. அப்படியானால், ஒருவர் போகும்போது உண்மையில் போவது எது?

இதற்கு எல்லாரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அவரவர் இருபது வயதில் பார்த்ததே அவரவருக்குப் பொற்காலம் என்பார்கள். 1975-இல் வாலிபராக இருந்தவர் ஜான் பெலூஷியையும் கில்டா ராட்னரையும் சொல்வார். பத்துப் பன்னிரண்டு வருஷம் பின்னால் வந்தவர் டேனா கார்வி, ஃபில் ஹார்ட்மன் என்பார். 2000-க்குப் பிறகு படிக்கப் போன எங்கள் மாப்பிள்ளை டினா ஃபே, ஏமி போலர் என்று சத்தியம் செய்வார். இந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் இது ரசிகர்களைப் பற்றிய பதில். நிகழ்ச்சியைப் பற்றிய பதில் அல்ல. சில வருஷங்களில் அந்த நிகழ்ச்சி நிஜமாகவே கீழே விழுந்திருக்கிறது. சில வருஷங்களில் பெரிய நடிகர்கள் போன பிறகும் விழாமல் நின்றிருக்கிறது. ஏன் என்று கேட்பதுதான் விமர்சகனின் வேலை.

என் அபிப்பிராயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நடிகர் போனால் ஜனங்களுக்குத் தெரிகிறது. எழுதுகிறவர் போனால் நிகழ்ச்சிக்குத் தெரிகிறது. நாம் அழுவது முதல் வகைப் பிரிவுக்கு. நஷ்டம் பெரும்பாலும் இரண்டாவது வகையில். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆகவே எனக்குப் பட்சபாதம் உண்டு என்று வாசகர்கள் சந்தேகப்படலாம். சந்தேகத்தோடேயே மேலே படியுங்கள்.

முதல் நாளிலிருந்து தொடங்குவோம். 1975, அக்டோபர் 11. ராக்ஃபெல்லர் கட்டடத்தில் 8-எச் என்ற ஸ்டூடியோ. ஒரு காலத்தில் டாஸ்கனீனி தம் வாத்தியக் கோஷ்டியை வானொலிக்காக நடத்திய இடம் அது. அங்கே முதல் துணுக்கு நாடகம் ஆரம்பமாகிறது. புதிதாக வந்து குடியேறிய ஒருவனுக்கு ஆசிரியர் ஒருவர் ஆங்கிலம் சொல்லித் தருகிறார். வாக்கியங்களெல்லாம் வால்வரீன் என்ற காட்டு மிருகத்தைப் பற்றியவை. மாணவன் ஒவ்வொன்றையும் அப்படியே திருப்பிச் சொல்கிறான். திடீரென்று ஆசிரியர் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்து போகிறார். மாணவன் ஒரு கணம் பார்க்கிறான். பிறகு தானும் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுகிறான்.

மாணவனாக வந்தவர் பெலூஷி. ஆசிரியராக வந்தவர் யார் தெரியுமா? மைக்கேல் ஓடோனஹ்யூ. அவர் எழுத்தாளர்களின் தலைவர். எழுத்தாளன் சொல்கிறான், நடிகன் திருப்பிச் சொல்கிறான், எழுத்தாளன் விழுந்தால் நடிகனும் விழுகிறான். வேண்டுமென்றே இப்படி அமைத்தார்களா என்பது வேறு விஷயம். பின்னால் நடந்த கதை முழுவதும் அந்த முதல் சில நிமிஷங்களில் அடங்கியிருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

அந்த நிகழ்ச்சி எப்படித் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் விஷயம் இன்னும் விளங்கும். திங்கட்கிழமை, அந்த வாரத்து விருந்தாளியும் எழுத்தாளர்களும் நடிகர்களும் தயாரிப்பாளர் அறையில் கூடுகிறார்கள். இடம் போதாமல் தரையில் உட்காருகிறவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு முழுவதும் எழுதுகிறார்கள். புதன்கிழமை ஏறக்குறைய 40 துணுக்குகளை உரக்கப் படிக்கிறார்கள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு தேறலாம். தேறிய துணுக்குக்கு உடை என்ன, பின்னணி என்ன என்று பார்த்துக்கொள்வதும் அதை எழுதியவர் பொறுப்பே. சனிக்கிழமை மாலை எட்டு மணிக்கு ஜனங்களை உட்கார வைத்து ஒத்திகை. அதில் சிரிப்பு வராதவை விழுந்துவிடும். பதினொன்றரைக்கு நிகழ்ச்சி. கடைசி நிமிஷம் வரையில் வசனம் மாறிக்கொண்டே இருப்பதால் நடிகர்கள் மனப்பாடம் செய்வதில்லை. பெரிய அட்டைகளில் கையால் எழுதிப் பிடிப்பதைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் நடிகனுடைய இடம் என்ன? மிக முக்கியமான இடந்தான். ஆனால் கடைசி இடம். அவனுக்காக யாராவது செவ்வாய்க்கிழமை இரவு எழுதாவிட்டால் சனிக்கிழமை அவனுக்கு வேலை இல்லை.

இனிப் பிரிவுகளைப் பார்ப்போம். 1976-இல் செவி சேஸ் போனார். முதல் வருஷத்தில் ஜனங்களுக்குப் பெயர் தெரிந்த ஒரே முகம் அவருடையதுதான். அவர் இடத்துக்கு 1977 ஜனவரியில் பில் மர்ரே வந்தார். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மர்ரே காமிராவுக்கு முன்னால் உட்கார்ந்து, “நான் இங்கே தேற மாட்டேன் போலிருக்கிறது, கொஞ்சம் ஆதரவு தாருங்கள்” என்ற பாவனையில் நேராக ஜனங்களிடமே முறையிட்டார். பரிதாபத்தையே ஹாஸ்யமாக்கிய அந்தச் சில நிமிஷங்களுக்குப் பிறகு அவரை ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். கவனிக்க வேண்டியது இதுதான்: சேஸ் போனபோது எழுதும் மேஜை கலையவில்லை. ஆகவே புது ஆளுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று தேடிப் பார்க்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

1980-இல் நடந்தது வேறு. நிகழ்ச்சியை உண்டாக்கிய தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் விலகினார். நடிகர்கள் அத்தனை பேரும் போனார்கள். எழுத்தாளர்களும் போனார்கள். பெயரும் ஸ்டூடியோவும் நேரமும் மட்டும் மிஞ்சின. பொறுப்பேற்ற ஜீன் டுமேனியன் சில மாதங்களுக்குள் எல்லாவற்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு நிகழ்ச்சிகளோடு அவரையும் விலக்கிவிட்டார்கள். டிக் எபர்சால் வந்தார். டுமேனியனைத் திறமையற்றவர் என்று அமெரிக்கர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு வீட்டில் சமைக்கிறவர், பரிமாறுகிறவர், உப்புப் பார்க்கிறவர் மூவரும் ஒரே நாளில் போய்விட்டால், மறுநாள் வந்தவள் என்ன செய்வாள்? அடுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆகும்.

இங்கே மாப்பிள்ளை குறுக்கிட்டார். “மாமா, அந்த மோசமான வருஷத்தில்தானே எட்டி மர்ஃபி வந்தார்? பத்தொன்பது வயசுப் பையன். தனி ஆளாக நிகழ்ச்சியைக் காப்பாற்றினார். எழுத்தாளர்தான் முக்கியம் என்றால் இதற்கு என்ன சொல்வீர்கள்?”

நல்ல கேள்வி. மர்ஃபியின் மேதையை மறுப்பவன் ரசிகனே அல்ல. அவர் மேடையில் வந்து நின்றாலே மூச்சு விட ஆரம்பித்தது அந்த நிகழ்ச்சி. ஆனால் அதே 1980-இல் டுமேனியன் சேர்த்த எழுத்தாளர்களில் பாரி பிளௌஸ்டீன், டேவிட் ஷெஃபீல்ட் என்று இருவர் இருந்தார்கள். மர்ஃபியின் வாய்க்கு ஏற்ற சொல் எது என்று கண்டுபிடித்து எழுதியவர்களில் முதன்மையானவர்கள் அவர்கள். நிகழ்ச்சியை விட்டுப் போன பிறகும் மர்ஃபி அவர்களை விடவில்லை. 1988-இல் வெளிவந்த ‘கமிங் டு அமெரிக்கா’ படத்தின் திரைக்கதை அவர்கள் இருவரும் எழுதியதே. எது தமக்குப் பலம் என்பதை அந்த நடிகர் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1984-இல் லாரி டேவிட் என்ற எழுத்தாளர் அங்கே சேர்ந்தார். ஒரு வருஷம் எழுதினார். மேடை ஏறியது ஒரே ஒரு துணுக்குத்தான். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் தயாரிப்பாளரிடம் கத்திவிட்டு வேலையை உதறிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போன பிறகு சம்பளம் ஞாபகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை, ஒன்றுமே நடக்காதது போலத் திரும்பி வந்து தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்! அந்தப் பருவத்தோடு அவர் போனார். யாரும் கண்ணீர் விடவில்லை; பார்க்கிறவர்களுக்கு அவர் இருந்ததே தெரியாது. சில வருஷங்களில் அவரும் ஜெர்ரி ஸைன்ஃபெல்டும் சேர்ந்து உண்டாக்கிய ‘ஸைன்ஃபெல்ட்’ தொடர் அமெரிக்க ஹாஸ்யத்தின் போக்கையே மாற்றியது. ராஜிநாமா செய்துவிட்டுத் திங்கட்கிழமை திரும்பி வந்த கதையையும் அதில் ஓர் அத்தியாயமாக்கிவிட்டார். 1985-இல் அந்தக் கட்டடத்தை விட்டுப் போனவர்களில் பெரிய நஷ்டம் யார்? அன்று பத்திரிகைகள் பட்டியல் போட்ட நடிகர்களில் அவர் பெயர் இருந்திருக்க வழியில்லை.

1985-இல் மைக்கேல்ஸ் திரும்பி வந்தார். வந்தவர் ஒரு தப்புச் செய்தார். சினிமாவில் பெயர் எடுத்த இளைஞர்களை நடிகர்களாகச் சேர்த்தார். ராபர்ட் டவுனி ஜூனியர், ஜோன் கியூஸாக், 17 வயதே ஆன ஆன்டனி மைக்கேல் ஹால். ஒவ்வொருவரும் தனியாகப் பார்த்தால் தங்கம். ஆனால் சேர்த்து ஒரு துணுக்கில் நிறுத்தினால், யார் தகப்பனார், யார் கடைக்காரர், யார் பக்கத்து வீட்டு மாமி என்று எழுதுகிறவர்களுக்கு வழி தெரியவில்லை. துணுக்கு நாடகத்துக்கு வேண்டியது நட்சத்திரம் அல்ல. எந்தச் சட்டையைப் போட்டாலும் அந்தச் சட்டைக்காரனாகிவிடும் ஆள். 1986-இல் அந்தப் பருவத்தின் கடைசி நிகழ்ச்சியில் ஸ்டூடியோவில் தீப்பிடிப்பதாக ஒரு காட்சி வைத்தார்கள். மைக்கேல்ஸ் ஓடி வந்து, நடிகர்களில் ஜான் லோவிட்ஸ் ஒருவரை மட்டும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார். மற்றவர்கள் தீக்குள்ளே. வேலை போகப் போகிறது என்பதை அந்த மனிதர்களைக் கொண்டே நடிக்க வைத்த ஹாஸ்யம் அது. நான் சிரித்தேன், சிரித்தபின் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அந்த வருஷ முடிவில் மைக்கேல்ஸ் செய்த காரியந்தான் என் வாதத்துக்குச் சரியான சாட்சி. நடிகர்களில் லோவிட்ஸ், நோரா டன், டெனிஸ் மில்லர் போன்ற ஒரு சிலர் தவிர மற்றவர்களை அனுப்பிவிட்டார். ஆனால் எழுதும் மேஜையில் ஜிம் டவுனி, அல் ஃப்ராங்கன், ராபர்ட் ஸ்மைகல் ஆகியோர் இருந்தார்கள். புதிதாக வந்த நடிகர்கள் யார்? ஹார்ட்மன், கார்வி, ஜேன் ஹூக்ஸ், கெவின் நீலன் முதலியவர்கள். அப்போது ஊருக்குப் பெயர் தெரியாதவர்கள். எந்த வேஷமும் தாங்கக் கூடியவர்கள். மறு வருஷமே நிகழ்ச்சி எழுந்து நின்றது. எழுதுகிறவர்கள் கெட்டிக்காரர்களாக இருந்தும் முந்தின வருஷம் ஏன் விழுந்தது என்று கேட்கலாம். எழுதினவர் சொல்லைத் தாங்கக் கூடிய உடம்பு அங்கே இல்லை. ஆகவே நடிகர் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆளை மாற்றுவதில் ஆபத்து இல்லை. ஆளுக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள முடிச்சை அறுப்பதில்தான் ஆபத்து.

அந்த முடிச்சு எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம். ‘ஸ்டெஃபான்’ என்று ஒரு பாத்திரம். நியூயார்க்கில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று கேட்டால் கேள்விப்படாத விபரீத விடுதிகளையெல்லாம் சிபாரிசு செய்வான். நடித்தவர் பில் ஹேடர். கூட இருந்து எழுதியவர் ஜான் முலேனி. ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் ஹேடருக்குச் சொல்லாமல் அட்டையில் இருக்கும் வாசகத்தை முலேனி மாற்றிவிடுவார். ஹேடர் அதை முதல் தடவையாகக் காமிராவுக்கு முன்னால் படிப்பார். சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயை மூடிக்கொள்வார். ஜனங்கள் மிகவும் ரசித்தது அந்தக் கை வாயை மூடிய கணத்தைத்தான். அதை எழுதியவர் திரைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

நானும் ஒரு முறை இதை அனுபவித்திருக்கிறேன். என் கதை ஒன்றை வெகு காலத்துக்கு முன் நாடகமாகப் போட்டார்கள். ஒரு வசனத்துக்குக் கொட்டகையே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர் என்னிடம் திரும்பி, “அந்த நடிகர் என்ன அழகாகச் சொல்கிறார், பார்த்தீர்களா!” என்றார். எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது உண்மை. வீட்டுக்கு வந்து அதே வசனத்தை உரக்கப் படித்துப் பார்த்தேன். என் மனைவி கூடச் சிரிக்கவில்லை. நடிகருக்கு அன்றே மனத்துக்குள் நமஸ்காரம் செய்துவிட்டேன்.

ஆனாலும் கடைசிக் கணக்கு ஒன்று இருக்கிறது. 1988-இலும், 2007-இலும், 2023-இலும் அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று தடவையும் அந்த நிகழ்ச்சி நின்று போயிற்று. நடிகர்கள் அத்தனை பேரும் சுகமாக இருந்தார்கள். ஸ்டூடியோ இருந்தது, விளக்குகள் இருந்தன. 2023 மே மாதத்தில் அந்த வாரத்து விருந்தாளியாகப் பீட் டேவிட்ஸன் வருவதாக இருந்தது. எழுதுகிறவர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். அந்தப் பருவம் அத்தோடு முடிந்தது. இதைவிடத் தெளிவான விமர்சனக் கட்டுரையை யாரும் எழுத முடியாது.

இனி ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எல்லாரும் மாறினாலும் 1985 முதல் மாறாதவர் ஒருவர்: 2025-இல் 50-ஆம் ஆண்டு விழா நடந்தபோதும் எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தீர்மானித்தவர் மைக்கேல்ஸே. அந்த நிலையான ருசிதான் நிகழ்ச்சியைக் காப்பாற்றியது என்பார்கள். ஓரளவு வாஸ்தவம். ஆனால் ஒருவருடைய ருசி மட்டும் வாசலில் காவல் இருந்தால், சில பேர் வாசலுக்கே வர முடியாது. 2007-இல் மாயா ருடால்ஃப் போன பிறகு பல வருஷங்கள் அந்தக் கூட்டத்தில் ஒரு கறுப்பினப் பெண் கூட இல்லை. 2013 நவம்பரில் கெர்ரி வாஷிங்டன் விருந்தாளியாக வந்தபோது, மிஷெல் ஒபாமாவாக வந்த அவரே ஓடிப்போய் உடை மாற்றிக்கொண்டு ஓப்ரா வின்ஃப்ரேயாகவும் வர வேண்டியிருக்கிறது என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள். கேலி நன்றாக இருந்தது. ஆனால் குறையைக் கேலி செய்வது குறையைத் தீர்ப்பதாகாது. 2014 ஜனவரியில் ஸஷீர் ஸமாட்டா என்ற நடிகை வந்தார். கூடவே எழுத்தாளர்களாக இரண்டு கறுப்பினப் பெண்களையும் சேர்த்தார்கள். அவர்களில் ஒருவர் லெஸ்லி ஜோன்ஸ். அதே வருஷம் எழுதும் மேஜையிலிருந்து மேடைக்கும் வந்துவிட்டார். முகத்தை மட்டும் சேர்த்தால் போதாது, அந்த முகத்துக்கு எழுதத் தெரிந்த கையும் வேண்டும் என்பதை, தாமதமாகவேனும், கண்டுகொண்டார்கள்.

போகிறவர்களுக்குச் செய்யும் மரியாதையிலும் ஒரு பாரபட்சம் தெரிகிறது. 2012-இல் க்ரிஸ்டன் விக் போனபோது மிக் ஜாகர் பாட, தோழர்கள் ஒவ்வொருவராக வந்து அவரோடு ஆடி வழியனுப்பினார்கள். நடிகர்களிலும் எல்லாருக்கும் இந்தப் பாக்கியம் இல்லை; பல பேருக்குக் கோடை விடுமுறையில் செய்தி வரும், அவ்வளவுதான். எழுதுகிறவர்களுக்கோ பெரும்பாலும் அதுவும் இல்லை. அவர்கள் போனதைச் சில மாதங்கள் கழித்து, ‘என்னவோ முன்போல் இல்லையே’ என்று நாம் முணுமுணுக்கும்போது அறிகிறோம். அறிந்தும் நடிகரைத் திட்டுகிறோம்.

ஆகவே, யாராவது “நல்லவர்களெல்லாம் போய்விட்டார்கள்” என்று சொன்னால், நான் இனிமேல் கேட்கப் போவது மூன்று கேள்விகள். எழுதுகிறவர்களில் யார் இருக்கிறார்கள்? புதிய ஆளின் வாயை யார் படித்துக்கொண்டிருக்கிறார்கள்? எல்லாரும் ஒரே நாளில் போனார்களா, ஒருவர் பின் ஒருவராகப் போனார்களா? 2003-இல் சேர்ந்த கெனன் தாம்ஸன் 2025-இல் தொடங்கிய பருவத்திலும் இருந்தார். வந்தவனுக்கு அடுப்பு எங்கே என்று காட்ட அப்படி ஒருவர் இருந்தால், ஐந்து பேர் போவது பெரிய ஆபத்தல்ல.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மாப்பிள்ளையோடு நானும் விழித்திருந்தேன். புதியவர்களில் ஒருவர் பேசிய ஒரு வாக்கியத்துக்கு மாப்பிள்ளை தம்மை மறந்து சிரித்தார். “பரவாயில்லை மாமா, இந்தப் பையன் தேறிவிடுவான்” என்றார். “எழுதியது யார் என்று பார்ப்போம்” என்றேன். கடைசியில் எல்லாரும் மேடையில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு விடை பெற்றார்கள். அவர்கள் மேல் பெயர்கள் மிக வேகமாக ஓடின. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைதான் இரண்டு பெயர்களைப் படித்துச் சொன்னார். இத்தனை வருஷங்களில் அவர் அதைப் படித்தது அதுதான் முதல் தடவையாம்.